சத்தம் கூடியது, சக்தி கூடியதா?



இம்முறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் வாசலில் நிற்கும் எங்கள் பழைய கார், "முதலில் என் கதையை எழுது" என்கிறது. அதுவும் ஒரு பாடம்தான். படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் வாகனப் பைத்தியம் பிடித்த பிள்ளை ஒருவன் இருந்தால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் கார் ஒரு புரோட்டோன் சாகா. 1.3 இஞ்சின், கார்புரேட்டர் வண்டி. என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து, பிறகு தோட்டத்து லோரியில் ஏறி, ஓய்வு பெற்றபோது ஊழியர் சேமநிதியிலிருந்து கிடைத்த பணத்தில் வாங்கிய பழைய வண்டி அது. அவர் இப்போது இல்லை. வண்டி இருக்கிறது. என் தாயாரை மாதம் ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அதில்தான். ஆகவே அது எங்களுக்கு வெறும் இரும்பு அல்ல.

என் தங்கை மகனுக்குப் பத்தொன்பது வயது. ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை. என்னிடம் நான்காம் ஆண்டு படித்தவன். வாய்ப்பாடு தப்பாமல் சொல்வான். இன்று வாய்ப்பாட்டை விட்டுவிட்டான். வண்டிகளின் பெயரைத் தப்பாமல் சொல்கிறான். ஒரு நாள் மாலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நம்ம சாகாவுக்கு எக்ஸ்ட்ராக்டர் போடலாம் மாமா. வண்டி சும்மா பறக்கும்."

"தாத்தா வண்டி பறந்து எங்கேடா போகணும்?"

"இழுவை கூடும் மாமா. எண்ணெயும் மிச்சம். பாட்டிய சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்."

பாட்டியின் பெயரைச் சொன்னால் மாமன் மனம் இளகும் என்று அவனுக்குத் தெரியும். இளகியது. பழைய வார்ப்பு இரும்பு மேனிபோல்டிலும் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. எப்படியும் மாற்றத்தானே வேண்டும் என்று சரி சொல்லிவிட்டேன். ஒரு சனிக்கிழமை, அவனுக்குத் தெரிந்த ஒரு சிறிய பட்டறையில் வேலை முடிந்தது. பட்டறையின் பெயர் நமக்கு வேண்டாம். தவற்றில் பாதி என்னுடையது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்ட்ராக்டர் என்பது என்ன?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நான்கு லயங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கால்வாய். மழை கொட்டுகிறது. நான்கு கால்வாய்களும் லயத்தை ஒட்டியே, நேருக்கு நேராக ஒரே சிறிய குழியில் விழுந்தால் என்ன ஆகும்? முதல் லயத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும்போது, இரண்டாம் லயத்துக் கால்வாயை எதிர்த்துத் தள்ளும். தண்ணீர் பின்னுக்கு ஏறும். அதே நான்கு கால்வாய்களையும் சற்றுத் தூரம் தனித்தனியே ஓடவிட்டு, பிறகு சாய்வாகப் பெரிய கால்வாயில் சேர்த்துப் பாருங்கள். வேகமாக ஓடும் நீர் பக்கத்துக் கால்வாயின் நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

நான்கு சிலிண்டர் இஞ்சினிலும் இதே கதைதான். இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகையைக் கக்கும். அதாவது நிமிடத்துக்கு 1500 முறை. வினாடிக்கு 25 முறை. நான்கு சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு 100 முறை. கணக்கு சரிதானா என்று பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த 100 வெடிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றை ஒன்று இடிக்காமல் வெளியேற வேண்டும்.

கம்பெனி பொருத்தித் தரும் வார்ப்பு இரும்பு மேனிபோல்ட் குட்டையானது, கனமானது, மலிவானது. சத்தத்தை அடக்கும். வெகு காலம் உழைக்கும். ஆனால் புகைகள் சீக்கிரமே ஒன்றாகக் கலந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓரளவு ஒரே நீளத்தில் தனிக்குழாய் உண்டு. நான்கும் நேரே ஒன்றாகச் சேர்ந்தால் அதை நாலுக்கு ஒன்று என்பார்கள். முதலில் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றானால் நாலு - இரண்டு - ஒன்று. இத்தகைய இஞ்சின்களில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். ஆகவே ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு ஜோடி ஆக்குவார்கள். அப்போது ஒரு ஜோடியின் இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவே சமமான இடைவெளி கிடைக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புகை வெளியேறும் வால்வு மூடுவதற்கு முன்பே, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். அந்த நொடிப்பொழுதில், வெளியேறும் புகையின் வேகம் மிச்சப் புகையையும் இழுத்துப் புதுக் காற்றையும் உள்ளே வாங்கிவிடும். இழுத்து வெளியேற்றுவதால்தான் எக்ஸ்ட்ராக்டர் என்று நம் ஊரில் பெயர். மேல்நாட்டார் ஹெடர் என்பார்கள்.

தடித்த குழாய் எல்லாம் தரமான குழாயா?

"எவ்வளவு பெரிய குழாயோ அவ்வளவு சக்தி" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது தவறு. கால்வாயை மிக அகலமாக வெட்டினால் தண்ணீர் மெதுவாகத்தானே ஓடும்? புகையும் அப்படித்தான். வேகம் குறைந்தால் இழுப்பும் குறையும். நீண்ட, ஒடுங்கிய குழாய் குறைந்த சுற்றில் இழுவை தரும். குட்டையான, அகன்ற குழாய் அதிகச் சுற்றில்தான் பலன் தரும். பந்தயக்காரருக்கு இரண்டாவது நல்லது. தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு ஏறுகிறவருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவருக்கும் முதலாவதுதான் வேண்டும்.

மேலும், முன்னால் எக்ஸ்ட்ராக்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் பழைய ஒடுங்கிய குழாயும் அடைத்துப்போன சைலன்சரும் அப்படியே இருந்தால் பலன் பாதி போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் எண்ணெய்க் கலவையையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். புதிய வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாரும், நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உண்டு. அவற்றைக் கழற்றி வீசிவிட்டுக் குழாய் மாற்றினால், இஞ்சின் விளக்கு எரியும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், காற்றும் கெடும்.

வேறெதையும் மாற்றாத ஒரு சிறிய 1.3 இஞ்சினில் இதனால் கிடைப்பது சில குதிரைச் சக்திதான். அதுவும் அதிகச் சுற்றில். காதுக்குக் கிடைக்கும் சத்தத்தைக் கால் உணரும் சக்தி என்று மனம் நம்பிவிடுகிறது. நானும் நம்பினேன். முதல் நாள் வண்டியை ஓட்டியபோது, "அடேயப்பா, என்ன இழுவை!" என்று மருமகனைத் தட்டிக் கொடுத்தவன் நான்தான்.

இரும்புத் திரைக்குப் பின்னால் இருந்து வந்த குழாய்

மோட்டார் சைக்கிளில் கதை வேறு. 1958-இல் ஜப்பானில் பிறந்தது ஹோண்டா சூப்பர் கப். நம் நாட்டில் ஹோண்டா வாகனங்களைப் பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. கப் என்ற பெயரோடு சிறியது என்ற பொருளுள்ள சீனச் சொல் ஒட்டிக் 'கப்சாய்' ஆயிற்று. பால் வாளி தூக்கியதும் அதுதான்; பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றியதும் அதுதான். ஒற்றைச் சிலிண்டர் வண்டி. ஆகவே பல குழாய்களைச் சேர்க்கும் வேலையே அதில் இல்லை. அதன் புகைக்குழாயை வெட்டினால் கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

யமாஹா ஆர்.எக்ஸ்.இசட். போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் புகைக்குழாய் வயிறு பெருத்து, முனை சிறுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வயிறு அழகுக்கு அல்ல. புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை, எதிரொலி போலத் திரும்பி வரும் ஓர் அலை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இந்த வித்தையை 1950-களில் நன்றாகப் பழக்கி எடுத்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வேலை செய்த வால்டர் காடன் என்ற பொறியாளர். அங்கே பந்தய வீரராக இருந்த எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-இல் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து மேற்கே தப்பி ஓடினார். அந்த அறிவு அவரோடு ஜப்பானின் சுசூகி கம்பெனிக்குப் போயிற்று. மறு ஆண்டே, 1962-இல், 50 சி.சி. உலகப் பட்டத்தை சுசூகி வண்டியில் அவர் வென்றார். ஒரு குழாயின் வளைவுக்கு இத்தனை விலை! அப்படிக் கணக்குப் போட்டுச் செய்த குழாயின் குடலை உருவி எறிந்துவிட்டு, "வண்டி நன்றாக ஓடுகிறது" என்று சொல்லும் தம்பிகளை என்னவென்பது?

இனி எங்கள் கதைக்கு வருவோம்

குழாய் போட்ட பிறகு காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் டிக், டிக், டிக் என்று மெல்லிய ஓசை வந்தது. ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். "புதுக் குழாய், அப்படித்தான் இருக்கும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவுக்குத் தலைவலி. காத்திருந்த களைப்பு என்று நினைத்தோம். மறுமாதம் போகும்போது பெருமழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். பழைய வண்டி, ஏர்கோன் வேலை செய்யாது. கண்ணாடியில் பனி படியாமலிருக்க விசிறியை மட்டும் போட்டேன். சிம்பாங் பூலாய் பக்கம் வாகனங்கள் நெருக்கி, வெகுநேரம் நின்று நின்று போக வேண்டியதாயிற்று. பின்னால் இருந்த என் இளைய மகள், "அப்பா, வாந்தி வருது" என்றாள். எனக்கும் நெற்றியில் ஆணி அடித்தாற்போல வலி. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். "ம்" என்றார். அந்த "ம்" என் தாயாரின் குரல் போலவே இல்லை.

ஒரே வண்டியில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி! அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, நான்கு கதவுகளையும் திறந்து, கொட்டும் மழையில் இருவரையும் வெளியே இறக்கினேன். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து நாற்காலி போட்டார். சற்று நேரத்தில் மகள் தெளிந்தாள். அம்மாவை வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார்.

திரும்பி வந்த அம்மா சொன்னதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. "போன தடவையும் இப்படித்தான்யா தல சுத்துச்சு. பையன் ஆசயா போட்டது, ஒன்னும் சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன்." முப்பது ஆண்டு பால் வெட்டிய உடம்பு. அட்டைக் கடிக்கும் கொசுக் கடிக்கும் முணுமுணுக்காத உடம்பு. வலியைச் சொல்லாமலிருப்பதே நல்ல குணம் என்று நாம் நம் பெரியவர்களுக்குப் பழக்கிவிட்டோமோ?

நடந்தது என்ன?

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றோடு அது பிடித்துக்கொள்ளும். ஆகவே மூச்சு நன்றாகவே வரும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். பிறகு தூக்கம். பிறகு எழுப்ப முடியாத தூக்கம். வயதானவர்களையும், சிறு பிள்ளைகளையும், கருவுற்ற பெண்களையும், இதய நோயாளிகளையும் அது விரைவில் வீழ்த்தும்.

2020 செப்டம்பரில் பினாங்கு மாநிலத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்த காருக்குள் இளம் பெண்கள் மூவர் இறந்து கிடந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். காரணம் இதே வாயுதான். இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றி வண்டிக்குள் தூங்குவது எமனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் படுப்பதற்குச் சமம்.

எங்கள் வண்டியைப் பிறகு ஒரு பழைய போமனிடம் காட்டினேன். அவர் மூன்று குறைகளைச் சுட்டிக் காட்டினார். ஒன்று, புதுக் குழாய்க்குப் பழைய கேஸ்கெட்டையே மீண்டும் வைத்திருந்தார்கள். இரண்டு, கழற்றும்போது ஒரு ஸ்டட் உடைந்திருக்கிறது. அதை அப்படியே விட்டு, மற்றவற்றை மட்டும் முடுக்கியிருக்கிறார்கள். மூன்று, ஓடிச் சூடேறிய பிறகு மறுமுடுக்கு முடுக்கவே இல்லை. அந்த இடுக்கு வழியே கசிந்த புகை, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாங்கும் துளை வழியாக, நான் போட்ட விசிறியாலேயே வண்டிக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது. காலையில் கேட்ட டிக் டிக் ஓசை அந்தக் கசிவின் குரல்தான். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு சற்றே அடைபடும், ஓசை நிற்கும், கசிவு முழுவதும் நிற்காது.

ஓசையைக் கேட்டவன் நான். வகுப்பில் கடைசி வாங்கில் நடக்கும் கிசுகிசுப்பு கூட என் காதுக்குத் தப்பாது. அந்த ஓசைக்கு மட்டும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆகவேதான் தவற்றில் பாதி என்னுடையது என்றேன்.

போடுவதென்றால் இப்படிப் போடுங்கள்

பிள்ளைகளைத் தடுப்பதால் மட்டும் பயனில்லை. தடுத்தால் மறைவாகச் செய்வார்கள். முறையைச் சொல்லிக் கொடுப்போம். அந்த போமன் எங்களுக்குச் சொன்ன முறை இது:

1. இஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கி கட்டாயம்.

2. முதல் நாள் இரவே ஸ்டட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் மெதுவாகத் திருகுங்கள். அலுமினியத் தலையில் உடைந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்துப் புதிது போட்ட பிறகே மேற்கொண்டு வேலை. "ஒன்றுதானே" என்று விடக் கூடாது.

3. இஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். புதுக் குழாயின் முகத்தில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கேஸ்கெட் எப்போதும் புதிது. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. எல்லா நட்டுகளையும் முதலில் கையால் பாதிவரை ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று தவணையில் முடுக்குங்கள். எவ்வளவு முடுக்குவது என்பதற்கு வண்டியின் கைந்நூலில் அளவு உண்டு.

6. மின்கம்பி, பிரேக் குழாய், கிளட்ச் கம்பி, எண்ணெய்க் குழாய் எதுவும் புகைக்குழாயை நெருங்கக் கூடாது. வெப்பத் தகட்டைத் திரும்பப் பொருத்துங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

7. இஞ்சினைக் கிளப்பியதும், குழாய் சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. புதுக் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிந்து முதலில் கொஞ்சம் புகை வரலாம். அது அடங்கிவிட வேண்டும். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் கூடாது.

8. ஓடி, சூடேறி, முழுவதும் ஆறிய பிறகு மறுமுடுக்கு. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை பார்வை.

தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எக்ஸ்ட்ராக்டரின் குழாய்கள் சேரும் இடம் பெரும்பாலும் பழையதைவிடத் தாழ்ந்து தொங்கும். செம்மண் மேட்டிலும் கல்லிலும் அது அடிபடும். ரப்பர் இலை கொட்டும் காலத்தில் சருகின்மேல் சூடான வண்டியை நிறுத்தவும் கூடாது. இஞ்சின் கடுமையாக உழைத்த வேளையில் இஞ்சினை ஒட்டிய குழாயின் வெப்பம் 600 டிகிரி செல்சியசையும் தாண்டும். சருகு பற்றிக்கொள்ள அதில் ஒரு பங்கு போதும்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நமது தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இரவு வேலை முடித்துத் தூங்கும் தொழிற்சாலைப் பெண். இன்னொரு வீட்டில் கைக்குழந்தை. அடுத்த வீட்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மாணவன். நள்ளிரவில் ஒரு தம்பி வெட்டிய குழாயோடு முறுக்கிக்கொண்டு போனால் அத்தனை பேரும் எழுந்துவிடுகிறார்கள். அவன் போனபிறகு அவர்கள் திட்டுவது அவனையல்ல, அவனைப் பெற்றவர்களை.

சட்டமும் சும்மா இல்லை. 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே 1987-இல் வந்த வாகன இரைச்சல் விதிகளும் இதற்கென்றே இருக்கின்றன. சைலன்சரைக் கெடுத்து ஓட்டினால் சமன் வரும். நீதிமன்றம் வரை போனால் 2000 வெள்ளி வரை அபராதம் வரலாம். மாதச் சம்பளக்காரப் பிள்ளைக்கு அது சிறிய தொகையா?

நிறைவாக ஒரு சொல்

1877-இல் வந்த ரப்பர் கன்றுகளில் சில நமது பேராக்கில், கோலகங்சாரில் நடப்பட்டன. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி டி மாடல் காரை வெளியிட்டது. உலகமெல்லாம் கார் ஓட டயர் வேண்டியிருந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்கு நம் பாட்டன்மாரின் கைகள் வேண்டியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒரு காரில் கூட ஏறியதில்லை. 1985 ஜூலை 9-இல் முதல் சாகா வெளிவந்தது. 2003 முதல் நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமிலேயே புரோட்டோன் கார்கள் தயாராகின்றன. இன்று நம் பிள்ளைகள் காரைக் கழற்றி மாட்டுகிறார்கள். இது பெருமைக்குரிய வளர்ச்சிதான். அந்தக் கைக்குப் பொறுமையும் சேர்ந்துவிட்டால், அவர்கள் நல்ல போமன்களாகவும் பொறியாளர்களாகவும் வருவார்கள்.

என் மருமகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்தே இருந்தான். மூன்றாம் நாள் அவனே அந்த போமனிடம் போய், விடுமுறை நாள்களில் சம்பளமில்லாமல் வேலை கற்றுக்கொள்ளக் கேட்டான். உடைந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்தது அவன் கைதான். போமன் பக்கத்தில் நின்றார். இப்போது எங்கள் சாகாவில், பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கிய வெடிப்பில்லாத வார்ப்பு மேனிபோல்ட் இருக்கிறது, கேஸ்கெட் புதிது. எக்ஸ்ட்ராக்டரைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறான். தனக்கென்று ஒரு வண்டி வாங்கும்போது முறையாகப் பொருத்துவானாம். பொருத்தட்டும். நான் தடுக்கப் போவதில்லை.

போன மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் புறப்பட்டோம். இஞ்சினைக் கிளப்பியதும் அவன் பானெட்டைத் திறந்து, குனிந்து, காதை வைத்துக் கேட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் வந்து, "பாட்டி, லேசா தல வலிச்சாக்கூடச் சொல்லணும், சரியா?" என்றான்.

"சொல்றேன்டா, சொல்றேன்" என்றார் அம்மா.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஒரு நிமிடம் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் நிறுத்துங்கள், இறங்குங்கள், 999-ஐ அழையுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.

வணக்கம்.